ஜோகன்னஸ்பர்க் குளிரில் காலை சைக்கிள்: என்ன போடுவது, வண்டியில் என்ன மாற்றுவது?

புதுச்சக்கரம்:
ராண்ட்பர்க்கிலிருந்து ரோஸ்பேங்க் ஆபீஸுக்குப் பத்து கிலோமீட்டர் போல. ஜூன் பிறந்ததும் காலை ஆறரைக்குக் கிளம்பினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வரவில்லை. தடி ஜாக்கெட் போட்டால் பாதி வழியில் உள்ளே தொப்பலாகிவிடுகிறது. சாயங்காலம் அதையும் சுமக்க வேண்டும். வண்டி 40 மி.மீ. ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத டயர்), டிஸ்க் பிரேக். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

ஓடைக்கரை:
ஜாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இங்கே எதிரி குளிரை விடக் காற்றுதான். 2 டிகிரியில் 25 கி.மீ. வேகத்தில் போனால் தோலுக்கு மைனஸ் 3 போல உறைக்கும். உள்ளே ஒட்டினாற்போல் பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி பனியன், மேலே சாதாரண ஜெர்சி, கைக்கு ஆர்ம் வார்மர் (கழற்றக்கூடிய தனிக் கைச்சட்டை), அதற்கும் மேலே முன்பக்கம் காற்றுப் புகாத, முதுகில் வலை வைத்த மெல்லிய வெஸ்ட். வெயில் ஏறினால் கழற்றி ஜெர்சிப் பையில் செருகிக்கொள்ளலாம். பருத்தி பனியன் கூடவே கூடாது, வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு இறக்கத்தில் நடுக்கும். கேட்டருகே நிற்கும்போது லேசாக நடுங்கினால் அளவு சரி.

கையுறை இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். ஒரு சைஸ் பெரியதாக வாங்கி உள்ளே மெல்லிய லைனர் போடுங்கள். வீட்டுக்குள்ளேயே, கை சூடாக இருக்கும்போதே மாட்டிக்கொள்ளுங்கள், விறைத்த கையைக் கையுறை சூடாக்காது. பிரேக் லீவரில் ரீச் ஸ்க்ரூ (லீவரின் தூரத்தை மாற்றும் திருகு) இருந்தால் திருகி, லீவரைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள். ஷூவுக்கும் அதே கதைதான்: இரண்டு சாக்ஸ் போட்டு அடைத்தால் கால் மரத்துப்போகும். காற்றோட்டத் துளைகளை உள்ளிருந்து டேப்பால் ஒட்டி, இன்சோலுக்கு அடியில் அலுமினியத் தாள் வையுங்கள். பெடலில் மாட்டும் கிளீட்டை ஷூவின் அடியில் பிடித்திருக்கும் போல்ட் வழியாகத்தான் பாதிக் குளிர் ஏறுகிறது.

டெல்டா பார்க் பக்கம் பிராம்ஃபொன்டெய்ன் ஸ்ப்ரூட் என்ற ஓடை ஓரமாகப் போவதாக இருந்தால் கவனம். இரவில் குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும், மேட்டை விட அங்கே பல டிகிரி குறைவு. பாலத்துப் பலகையில் உறைபனி இருந்தால் அதன் மேல் பிரேக்கும் வேண்டாம், ஹேண்டிலைத் திருப்பவும் வேண்டாம், நேராக உருண்டு போய்விடுங்கள். சாலையில் குழாய் கசிந்து ஓடிய தண்ணீரும் அப்படித்தான், விடியலில் கண்ணாடி. இருட்டில் அந்த ஓடைப் பாதையில் தனியாகப் போகாதீர்கள், அது குளிருக்காகச் சொல்வதல்ல.

நெருஞ்சிமுள்:
டயரைப் பற்றி யாரும் பேசவில்லையே! 15 டிகிரி கேரேஜில் 2.8 பார் அடித்து 0 டிகிரிக்கு வெளியே வந்தால் 0.2 பார் போல இறங்கும். அது பெரிய விஷயமில்லை. ஹைவெல்டில், அதாவது நம் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுப் புல்வெளியில், தொல்லை காய்ந்த நெருஞ்சி, இங்கே டுவெல்கி என்பார்கள். சாலையோரப் புல் காய்ந்ததும் முள்காய் தார் மேலேயே கிடக்கும். உங்கள் டயருக்குச் சக்கரத்துக்கு 60 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் லேடெக்ஸ் திரவம்) வேண்டும். வறண்ட காற்றில் லேடெக்ஸ் சீக்கிரம் காய்வதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். களக் களக் என்று சத்தம் வராவிட்டால் வால்வ் கோரை (வால்வின் உள்பாகம்) கழற்றி சிரிஞ்சால் ஊற்றுங்கள். முள் குத்தியிருந்தும் காற்று நிற்கிறதா? வழியில் பிடுங்காதீர்கள். வீட்டில் பம்ப் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டையைக் கீழ்ப்பக்கமாக வைத்துப் பிடுங்கினால் சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கும்.

செயினுக்கு மெழுகு லூப் (மெழுகு கலந்த மசகு). எண்ணெய் போட்டால் தூசியும் புல்வெளித் தீயின் சாம்பலும் ஒட்டி அரைக்கும்.

மழைக்கேப்:
இதைப் படிக்கிற கேப்டவுன்காரர்கள் கடைசி வரியைப் பின்பற்ற வேண்டாம். நமக்குக் குளிர்காலம்தான் மழைக்காலம், மெழுகு ஒரே நனைப்பில் போய்விடும். வெட் லூப் (மழைக்கான எண்ணெய் மசகு), முழு மட்கார்ட், நனைந்து வந்ததும் செயினைத் துணியால் துடைப்பது.

புதுச்சக்கரம்:
எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: லைட்டை எப்போது அணைப்பது? சார்ஜும் சீக்கிரம் இறங்குகிறது.

ஓடைக்கரை:
ஜூன் கடைசியில் சூரியன் உதிக்கவே 6:55 ஆகும், மாலை 5:25க்கு மறைந்துவிடும். அதனால் இரண்டு வேளையும் லைட் வேண்டும். காலையில் விடிந்த பிறகும் பின்விளக்கை அணைக்காதீர்கள். கிழக்கே போகும் சாலையில் தாழ்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடிப்பதால் பின்னால் வரும் காருக்கு உங்களைத் தெரியாது. குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்குவது இயல்புதான். ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் செல் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். கேரேஜில் விடாமல் இரவே வீட்டுக்குள் எடுத்துவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு சார்ஜ் போடுங்கள்.