அடர்த்தி 1.45இல் நிற்குதில்லை: நிலக்கரி கழுவும் மொடலுக்கு உதவி தேவை

ஒலுவில் மாணவன்:
கடைசி வருஷ புரொஜெக்ட். நிலக்கரி கழுவும் ஆலையில மக்னடைற்றுத் தூளும் (காந்தம் இழுக்கிற இரும்புத் தாது) தண்ணியும் கலந்த தொட்டியைக் கணினியில மொடல் பண்ணுறன். இலேசான கரி மிதக்கும், பாரமான கல்லு தாழும். அடர்த்தியைப் பிடிச்சு வைக்கத் தண்ணி வால்வு ஒண்டு, அதுக்குப் பி.ஐ. கட்டுப்பாடு (இப்ப இருக்கிற பிழையையும், இதுவரை சேர்ந்த பிழையையும் பார்த்து வால்வைத் திருப்புறது). செட் பொயின்ற்றை, அதாவது வேண்டிய அடர்த்தியை, 1.40இல இருந்து 1.45க்கு மாத்தினா 1.52 மட்டும் ஏறி, பிறகு 1.39க்கு விழுது. கெயினை (பிழைக்கு வால்வு எவ்வளவு பலமாத் திரும்பணும் எண்ட அளவு) கூட்டினன், இன்னும் மோசம். மூணு நாளா இதோடதான் மாரடிக்கிறன்.

சம்மாந்துறை விவசாயி:
தம்பி, கணினி எனக்குத் தெரியாது. ஆனா விதைநெல்லுக்கு முட்டை மிதக்கிற அளவுக்கு உப்புக் கரைப்பம். உப்புக் கூடினா நல்ல நெல்லும் மிதந்திரும். தண்ணி ஊத்தினா உடனே குறையும். கூட்டுறதுக்கு உப்பு வேணும். உங்கட தொட்டியில கூட்டுறது எது?

ஒலுவில் மாணவன்:
நானா, அதுக்குத் தனி வால்வு இல்ல. காந்தப் பிரிப்பானில இருந்து தடிச்ச கலவை மெதுவாத் திரும்பி வரும், அவ்வளவுதான்.

களுவாஞ்சிகுடி, கட்டுப்பாட்டுப் பொறியியலாளர்:
நானா சரியான இடத்தில கை வச்சிட்டார். 1.52 கலவை ஒரு கன மீற்றரை 1.45க்கு இறக்க 156 லீற்றர் தண்ணி போதும். திரும்ப ஏத்த அந்த 156 லீற்றரையும் பிரிச்செடுக்கணும். அதுவரைக்கும் வால்வு முழுசா மூடித்தான் கிடக்கும், ஆனா உன்ட தொகையீட்டு உறுப்பு (பி.ஐ.யில சேர்ந்த பிழையைக் கணக்கு வைக்கிற பகுதி) பிழையைக் கூட்டிக்கொண்டே போகும். 1.45 தாண்டினாலும் அந்தக் கடன் தீருமட்டும் வால்வு திறக்காது. கெயினில கை வைக்காத. வால்வு 0இலயோ 100இலயோ முட்டி நிக்கேக்க தொகையீட்டை நிறுத்து. இன்னொண்டு: தொட்டியின் கனவளவை மாறிலியா வச்சிருந்தா அதுவும் பிழை. மக்னடைற்றையும் தண்ணியையும் தனித்தனி திணிவுச் சமநிலையா எழுது.

ஒலுவில் மாணவன்:
அண்ணா, செய்தன்! தொகையீட்டுப் பெறுமானத்தை அச்சடிச்சுப் பார்த்தா வால்வு மூடிக் கிடந்த நேரமெல்லாம் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கு. இப்ப 1.46க்கு மேல போகுதில்ல. சின்ன ஆட்டம் மட்டும் மிச்சம். அடர்த்திமானிக்கு 8 செக்கன் தாமதம் வச்சிருக்கன்.

களுவாஞ்சிகுடி, கட்டுப்பாட்டுப் பொறியியலாளர்:
அது தாமதத்தின் வேலை. கெயினைப் பாதியாக்கு. போதாட்டி 1957இல ஸ்மித் சொன்ன முன்கணிப்பானை (தாமதத்தை மொடலால முன்கூட்டியே கணிச்சு ஈடு செய்யிற முறை) போட்டுப் பார். 1.52 ஓடின நேரத்தில கல்லு கலந்த துண்டும் கரியோட மிதந்து சாம்பல் கூடியிருக்கும். அந்த வரைபையும் அறிக்கையில போடு, தம்பி.

ஒலுவில் மாணவன்:
போடுறன் அண்ணா. நானாட உப்புத்தண்ணியையும் முதல் பக்கத்திலயே எழுதுறன்.