ரோஸ்வுட் ஏற்றுமதி: சைட்டிஸ் பத்திரம் எடுத்தவர்கள் உண்டா?

வெள்ளவத்தையில் கிட்டார் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஜெர்மனிக்கு அனுப்பிய ஃபிங்கர்போர்ட் பலகைகள் (கிட்டார் கழுத்தில் விரல் அழுத்தும் பலகை) கூரியரில் நிற்கின்றன. சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பத்திரம் வேண்டுமாம். மரம் இந்திய ரோஸ்வுட், டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா. இழைத்தாயிற்று, ஃபிரெட் வெட்டு (உலோகக் கம்பிகள் பதிக்கும் காடி) மட்டும் போடவில்லை. சிக்கலே அதுதான். 2017இல் டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 மாநாட்டில் (கொழும்பில் நடக்கவிருந்து ஜெனீவாவுக்குப் போனதே, அதுதான்) முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் பாகங்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். என்னுடையது அரைகுறை.

வெட்டுப் போட்டுத் தரலாமா என்று வாங்குபவரிடம் கேட்டேன், அவருடைய அளவு வேறாம். அவர் பக்கத்து இறக்குமதி அனுமதிக்கும் நம் பத்திரத்தின் பிரதி தேவை. மரக்கடையில் விசாரித்தேன், உள்ளூர் பற்றுச்சீட்டு மட்டும்தான் இருக்கிறது.

மரம் சட்டப்படி நாட்டுக்குள் வந்ததைக் காட்டாமல் மறுஏற்றுமதிப் பத்திரம் கிடைக்காது. இந்திய ஏற்றுமதி அனுமதியின் பிரதி கையில் இல்லாதபோது, வேறு எந்த ஆவணத்தைக் காட்டி பத்தரமுல்லை வனசீவராசிகள் திணைக்களத்தில் எடுத்தீர்கள்?