பீடோங்கிலிருந்து எடுத்த ஜெராய் மலைப் படம் தட்டையாகத் தெரிகிறது, என்ன செய்யலாம்?

செம்பனைச்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங்கிற்கு வெளியே ஒரு தோட்டத்துச் செம்மண் சாலையில் நின்று, காலை எட்டு மணியளவில் ஜெராய் மலையைப் படமெடுத்தேன். முன்னால் சாலையும் செம்பனை வரிசைகளும், நடுவில் மெல்லிய பனிமூட்டமும், அதற்கு மேல் மலையும் மேகங்களும் இருந்தும் படத்தில் உயிரில்லை. ரா கோப்பை (கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக்கோப்பு) லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் திறந்து, மூட்டத்தை நீக்கும் டீஹேஸை எழுபது வரை ஏற்றிப் பார்த்தபோது வானம் திட்டுத்திட்டாகிவிட்டது. மலை முகட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தது. ஓலைகளின் பச்சை கண்ணைக் குத்துகிறது. எனக்கு வேண்டியது மழை இறங்குவதற்கு முன்பு இங்கே கவியும் அந்தக் கனம். வானத்தையே மாற்றிவிடு என்கிறார் ஒரு நண்பர். 20க்கு 30 அங்குலத்தில் அச்சிட்டுத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் மாட்டப் போகிறோம் என்பதால் அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்கிறேன்.

இருட்டறை எழுதியது:

தம்பி, முதலில் அளவைக் கூட்டிக் குறைக்கும் எல்லா ஸ்லைடர்களையும் பூஜ்யத்திற்குக் கொண்டு வாருங்கள். அந்தப் பனிமூட்டம்தான் மலை தொலைவில் இருக்கிறது என்பதைக் கண்ணுக்குச் சொல்கிறது. படம் முழுவதற்கும் டீஹேஸ் கொடுத்து அதைத் துடைத்துவிட்டால், 1,217 மீட்டர் மலை பனை வரிசைக்குப் பின்னால் ஒட்டிவைத்த அட்டையாகிவிடும். நாடகத்தன்மை என்று நாம் சொல்வது பெரும்பாலும் எதை இருட்டில் விடுகிறோம் என்பதைப் பொறுத்ததே தவிர, எல்லாவற்றையும் தெளிவாக்குவதால் வருவதில்லை.

ஆகவே படத்தின் மொத்த வெளிச்சமான எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் அளவு குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). பிறகு மேலிருந்து ஒரு லீனியர் கிரேடியன்ட் மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் படிப்படியாக மாற்ற உதவும் தேர்வு) இழுத்து வானத்தையும், கீழிருந்து இன்னொன்றை இழுத்துப் பனை வரிசைகளையும் மேலும் இருட்டாக்கினால், பனிமூட்டமும் மலையடிவாரமும் தாமாகவே படத்தின் வெளிச்சமான இடமாக எஞ்சும். சாலையின் மேல் மட்டும் தூரிகையால் சிறிதளவு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பார்வை அதன் வழியே உள்ளே போகும். டீஹேஸ் வேண்டுமென்றே தோன்றினால் மலைக்கு மட்டும், பதினைந்தைத் தாண்டாமல் கொடுங்கள். முகட்டின் வெள்ளைக் கோடு டீஹேஸும், விளிம்புகளை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியும் அளவு மீறும்போது வருவது, குறைத்தாலே மறையும்.

ஓலையின் நிறத்தைப் பொறுத்தவரை, பச்சை ஸ்லைடரை எவ்வளவு அசைத்தாலும் பெரிய மாற்றம் தெரியாது, ஏனெனில் வெயில் பட்ட இலையின் நிறம் பெரும்பாலும் மஞ்சள் ஸ்லைடரிலேயே அடங்கியிருக்கிறது. மஞ்சளின் செறிவையும் ஒளிர்வையும் குறையுங்கள். வேறு மென்பொருளுக்குக் கொண்டு போவதானால் நிறப் படிகளை இழக்காத 16 பிட் டிஃப் கோப்பாக அனுப்புங்கள். 14 பிட் ரா கோப்பில் ஒரு நிறத்திற்கு 16,384 படிகள் இருக்க, சாதாரண ஜேபெக் படக்கோப்பில் 256 மட்டுமே இருப்பதால், அதன் வானத்தை இழுத்து இருட்டாக்கினால் பட்டை பட்டையாகப் பிரியும்.

இதெல்லாம் கணினி வந்த பிறகு பிறந்த பழக்கமல்ல. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவுப் படத்தை அவரே பிற்காலத்தில் அச்சிட்டபோது, முந்தைய பிரதிகளில் வெளிறித் தெரிந்த வானத்தை ஏறக்குறையக் கருப்பாகவே ஆக்கினார்.

கித்தாக்காடு எழுதியது:

இருட்டறை ஐயா சொன்ன முறை சரியானது. ஆனால் குறை எடிட்டிங்கில் தொடங்கவில்லை என்பது என் எண்ணம். பீடோங்கிலிருந்து ஜெராய் வடமேற்கில் இருப்பதால், காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து மலையின் முகத்தில் நேராக விழுகிறது. நிழல் விழாத சரிவுகளுக்கு மடிப்பு ஏது? அதே இடத்தில் மாலையில் நின்றால், குறிப்பாகச் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே விலகி மறையும் ஜூன் மாத வாக்கில், மலை எதிர்வெளிச்சத்தில் கருத்து நிற்கும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். அது ஓய்ந்த அரைமணி நேரத்தில் காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும், டீஹேஸுக்கு வேலையே இருக்காது.

வானத்தை மாற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. 2020 முதல் ஃபோட்டோஷாப்பில் அது ஒரு சொடுக்கில் முடிகிறது என்றாலும், எங்கிருந்தோ எடுத்த அந்திவானத்தை இந்தக் காலைச் சாலைக்கு மேல் வைத்தால் பனைகளின் நிழல் ஒரு திசையையும் மேகத்தின் ஒளி வேறொரு திசையையும் காட்டும். அந்த மலையைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது; முதலில் கண்டுபிடிப்பவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

செம்பனைச்சாலை எழுதியது:

இருவருக்கும் நன்றி. மாஸ்க் முறையில் செய்தபோதே படம் நிமிர்ந்துவிட்டது. மாலையிலும் போய்ப் பார்க்கிறேன். கருப்பு வெள்ளையாக மாற்றி, நீல ஸ்லைடரைக் குறைத்து வானத்தை இன்னும் கருக்கலாமா?

இருட்டறை எழுதியது:

மாற்றலாம், ஆனால் நீல ஸ்லைடரை நம்ப வேண்டாம். லென்ஸின் முன் மாட்டும் சிவப்பு ஃபில்டரின் விளைவைத் தரும் அந்த உத்தி வறண்ட காற்றின் ஆழ்ந்த நீல வானத்திற்குப் பொருந்தும். நம் வானம் ஈரத்தால் வெளுத்திருப்பதால் அதில் குறைப்பதற்குரிய நீலம் குறைவு, இழுக்க இழுக்கப் புள்ளிகள்தான் தெரியும். வானத்தைக் கருக்க மாஸ்க்கே போதும்.

அச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைத்துக்கொண்டு எடிட் செய்தால், தாளில் பனை வரிசைகள் ஒரே கருப்பாகப் போய்விடும். பளபளப்பில்லாத மேட் தாளில் நிழல்கள் இன்னும் அமுங்கும். 24 மெகாபிக்சல் கோப்பு 30 அங்குலத்திற்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் தரும், சுவரில் மாட்டிப் பார்க்க அது தாராளம். பெரிய அச்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன், சாலையும் முகடும் வரும் ஒரு துண்டை மட்டும் அதே தாளில் போட்டு வாங்கி, மண்டபத்து விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள்.