பதினொரு நாள் லிஃப்ட் ஓடவில்லை

கோப்புப்புழு:

எங்கள் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளில் நான் அந்தப் படிகளை மிதித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தாம். போன ஆண்டு லிஃப்ட் பழுதாகி, உதிரிபாகம் வந்து சேரப் பதினொரு நாள் ஆயிற்று. முதல் நாள், இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாரோ நெஞ்சுக்கு நடுவே உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல இருந்தது. இடது தாடையிலும் ஒரு கனம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. வாயு என்று முடிவு கட்டினேன். மறுநாளும் அதே திருப்பம், அதே வாயு. இவ்வளவு ஒழுங்காக இடம் பார்த்து வாயு வருமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றியது எங்கள் அலுவலக உதவியாளருக்கு. என்னைவிட நான்கு வயது மூத்தவர். கோப்புகளைச் சுமந்தபடி நாளெல்லாம் ஏறி இறங்குபவர்; லிஃப்ட் ஓடும் நாளிலும் அதற்குக் காத்திருக்கும் பொறுமை அவருக்குக் கிடையாது. நான்காம் நாள் என்னைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பினார். "மூச்சு வாங்கினால் பரவாயில்லை சார். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நேற்றும் இங்கேதான் நின்றீர்கள்" என்றார்.

ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன், மருத்துவர் விடவில்லை. படுத்தபடி எடுத்த ஈ.சி.ஜி. ஓய்வில் இருக்கும் இதயத்தைப் பற்றித்தான் சொல்லும், உங்களுக்கு வலி வருவது ஏறும்போது அல்லவா என்றார். டிரெட்மில்லில் நடக்கவைத்துச் சோதித்தார்கள்; மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். இரண்டாம் கட்டம் முடியுமுன்பே நிறுத்திவிட்டார்கள். பிறகு இதய ரத்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் ஆஞ்சியோகிராம், அடைத்த குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட்.

ஓய்வில் இருந்தபோது ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரின் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1953-இல் வந்தது. லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் பிழைத்தவர்கள் அதிகம். ஒரே பஸ்ஸில்தான் இருவரும் போனார்கள். எங்கள் அலுவலகமும் அந்த பஸ்தான். நான் ஓட்டுநர், அவர் கண்டக்டர்.

சந்தேகப்பிராணி:

ஐயா, நீங்கள் தேறி வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்த பஸ் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். மாரிஸின் குழுவே 1956-இல் சீருடை அளவுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியானால் முழுப் பழியையும் இருக்கையின் மேல் போட முடியாது.

இன்னொன்று. கணக்கெழுத வருவதற்கு முன் பத்தாண்டு கிடங்கில் மூட்டை தூக்கியவன் நான். உடல் வேலை செய்கிறவனுக்கு என்ன நோய் என்று இருந்தேன்; எனக்கு ரத்த அழுத்தம் இருப்பது அங்கேதான் தெரிந்தது. விருப்பப்பட்டு அரை மணி நேரம் நடப்பதும், மூச்சை அடக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் பாரம் தூக்குவதும் இதயத்துக்கு ஒன்றல்ல. உங்கள் உதவியாளரையும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிரின்டர் அறை:

நான் மனிதவளப் பிரிவில் இருப்பவள். நடைப் போட்டி ஒன்று நடத்திப் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். நாளுக்கு 10,000 காலடி, வெல்லும் குழுவுக்குக் கோப்பை. இரண்டாம் வாரத்தில் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே கைபேசியைக் கணுக்காலில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். முதலிடம் அவருக்குத்தான். அந்த 10,000 என்ற எண்ணே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது என்று பின்னால் அறிந்தபோது என்மேலேயே கோபம் வந்தது.

பலன் தந்தது திட்டமிடாத ஒன்று. மின்னிணைப்புக் கோளாறால் பிரின்டரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினோம். ஒரு மாதம் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். பிறகு பழகிவிட்டது, கோளாறு சரியான பின்னும் நான் அதை மேலே கொண்டுவரவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பு தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு. 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனை போய்விட்டது. ஒரு நிமிடப் படியேற்றமும் கணக்கில் சேரும். ஆனால் ஆடி அசைந்து இறங்கி ஏறினால் போதாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் வேண்டும்.

கயிறு இழுத்தவன்:

ஆண்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி. ஆண்டு முழுக்க நாற்காலியை விட்டு எழாதவர்கள் பதினாறு பேர், நான் உட்பட. முடிந்த மூன்றாம் நிமிடம் என் பக்கத்தில் நின்றவர் சரிந்தார். எல்லோரும் தண்ணீர், காற்று என்று கத்திக்கொண்டிருந்தோம். காவலாளி ஒருவர்தான் மண்டியிட்டு, நிமிடத்துக்கு 100-க்குக் குறையாத வேகத்தில் மார்பை அழுத்தத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை. நண்பர் பிழைத்துக்கொண்டார். வேகமாக நடந்தால் இடது தோள் வலிக்கிறது, தலையணையை மாற்ற வேண்டும் என்று முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். நானும் நல்ல தலையணை எது என்று யோசனை சொன்னேன்.

கோப்புப்புழு:

சந்தேகப்பிராணி ஐயா சொன்னதைப் படித்துவிட்டு உதவியாளரை அழைத்துப் போனேன். "எனக்கென்ன சார், நாளெல்லாம் படியில்தானே இருக்கிறேன்" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். ரத்த அழுத்தம் 168/102, மிக அதிகம். ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அளந்தார்கள், பெரிதாக மாறவில்லை. இப்போது இருவருக்கும் ஒரே மருத்துவர், அடுத்த முறை ஒரே நாளில். காலையில் சேர்ந்தே ஏறுகிறோம். எனக்காக அவர் வேகத்தைக் குறைப்பதில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மட்டும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறார்.