பெஞ்ச் வாரண்ட், புரோபேஷன்: தமிழில் என்ன போடலாம்?

கா., ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
அனைவருக்கும் வணக்கம். இலவசச் சட்ட உதவிக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிறு குற்ற வழக்கில் குறித்த நாளில் கோர்ட்டுக்கு வராதவர்மீது நீதிபதி போடும் பெஞ்ச் வாரண்ட் தானாகக் காலாவதியாவதில்லை. பல வருடம் கழித்து, காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தும்போதுதான் சிலருக்குத் தெரியவே வருகிறது. பெஞ்ச் வாரண்டுக்கு 'அமர்வுப் பிடியாணை' என்றும், சிறைக்குப் பதிலாக நிபந்தனைகளோடு வெளியே விடும் புரோபேஷனுக்குத் 'தகுதிகாண் காலம்' என்றும் எழுதியிருக்கிறேன். சரியா?

ம., மதுரை
இரண்டும் வேண்டாம், தம்பி. 'அமர்வு' என்றால் செஷன்ஸ் கோர்ட் என்று நினைப்பார்கள். 'தகுதிகாண் பருவம்' புதிதாக அரசு வேலையில் சேர்ந்தவருக்கு. குற்ற வழக்கில் 'நன்னடத்தை'தான். குற்றவாளிகளை நன்னடத்தையில் விடும் இந்தியாவின் 1958 சட்டத்தின்படி வந்த அதிகாரியும் நன்னடத்தை அலுவலரே. வாரண்டுக்கு 'வாய்தா தவறிய பிடியாணை' என்று போடுங்கள். கோர்ட் வாசலில் நிற்கிற யாருக்கும் புரியும்.

செ., தஞ்சாவூர்
வாய்தா அரபுச் சொல். 'வராமைப் பிடியாணை' எனலாமே! கல்லாமை, கொல்லாமை என்று குறள் அதிகாரங்களிலேயே எதிர்மறைத் தொழிற்பெயர் இருக்கிறது.

இரா., சிங்கப்பூர்
வாய்தாவை அவ்வளவு எளிதில் அரபுக்குக் கொடுத்துவிட வேண்டாம். வாய் + தா. வாயால் தருவது வாக்கு. வருகிறேன் என்று வாக்குத் தந்த நாளே வாய்தா. 'வாய்மை'யும் வாயில் பிறந்ததுதானே?

செ., தஞ்சாவூர்
ஐயா, 'தா' வெறும் பகுதி. பெயராக வேண்டுமானால் தருகை, தரவு என்று வர வேண்டும். 'வாயிதா' என்றும் எழுதுகிறார்களே, அந்த யிகரம் எங்கிருந்து வந்தது? வாக்குறுதி என்று பொருள்படும் அரபுச் சொல்தான் உருது வழியாக நம் கோர்ட்டுக்குள் வந்தது.

இரா., சிங்கப்பூர்
அப்படிப் பார்த்தால் 'ஆணை'யையே ஆக்ஞையிலிருந்து வந்தது என்பார்கள். அதையும் விலக்குவீர்களா?

நி., யாழ்ப்பாணம்
எங்கள் நீதிமன்றங்களில் வாய்தாவைத் 'தவணை' என்போம். தவணைக்குச் சமுகமளிக்காவிட்டால் பிடியாணை. ஆகவே 'தவணைப் பிடியாணை'?

கா., ஃப்ரீமான்ட்
நல்ல சொல், அக்கா. ஆனால் அபராதத்தைத் தவணையாகக் கட்டுவது பற்றி அடுத்த பத்தியிலேயே வருகிறது. தமிழ்நாட்டு வாசகர் குழம்புவார். இன்னொன்றும் கேட்க வேண்டும். 2021 முதல் இங்கே பெரும்பாலான சிறு குற்றங்களுக்கு நன்னடத்தைக் காலம் ஓராண்டுதான். ஆனால் நீதிபதி அதை ரத்து செய்து வாரண்ட் போட்டால் அன்றோடு அந்த ஓராண்டின் நாள் கணக்கு நின்றுவிடும். வருடம் போய்விட்டது, இனி ஒன்றுமில்லை என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். இதற்கு என்ன சொல்?

ம., மதுரை
அதற்குச் சொல் தேட வேண்டாம். 'அந்த நாட்கள் கணக்கில் சேராது' என்று எழுதுங்கள். வாரண்டை ரத்து செய்ய 'வாரண்ட் ரீகால் மனு' என்றே போடுங்கள். இங்கே வக்கீல்களும் குமாஸ்தாக்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

செ., தஞ்சாவூர்
'மீட்பு மனு' என்றால் என்ன குறை?

நி., யாழ்ப்பாணம்
ஆளை மீட்கிற ஆட்கொணர்வு மனு என்று எடுத்துவிடுவார்கள். 'பிடியாணையை மீளப்பெறும் மனு' தெளிவு.

கா., ஃப்ரீமான்ட்
நீங்கள் சொன்னவற்றிலிருந்து எடுத்துக்கொள்பவை: வராமைப் பிடியாணை, நன்னடத்தைக் காலம், பிடியாணையை மீளப்பெறும் மனு. பெரும்பாலான சிறு குற்ற வழக்குகளில் கட்சிக்காரர் வராமலே வக்கீல் முன்னிலையாகி அந்த மனுவைப் போடலாம் என்பதைத் தடித்த எழுத்தில் தருகிறேன். பயத்தில் ஒளிந்திருப்பவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

ம., மதுரை
நான் இன்னும் உடன்படவில்லை. அபராதம் கட்டாதவர், போகச் சொன்ன வகுப்பை முடிக்காதவர் மீதும் இதே வாரண்ட் வருமே. அவர் 'வராமை'யைப் பார்த்து, நான்தான் கோர்ட்டுக்குப் போனேனே, இது எனக்கில்லை என்று துண்டறிக்கையை மடித்து வைத்துவிடுவார்.