மீன்வலையில் சிக்கிய சாரை: உங்கள் காட்டில் நடந்ததுண்டா?

கடலைக்காடு:
மயில் தொல்லை தெரிந்ததுதானே, கடலை விதைத்த கையோடு கிளறித் தின்றுவிடும். எல்லோரையும் போல நானும் பழைய மீன்வலை வாங்கிச் சுற்றிக் கட்டினேன். விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போனால் வாய்க்கால் ஓரம் ஒரு சாரை, மணிக்கட்டுத் தடிமன். கண்ணிக்குள் தலையை விட்டிருக்கிறது. செதில் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் பின்னால் வர முடியாது, முன்னால் உந்த உந்த இறுகுகிறது. வலையின் நரம்பிழை செதிலுக்கு அடியில் போய்க் கண்ணுக்கே தெரியவில்லை. அம்மா கோணிச்சாக்கைப் போட்டு அமுக்கிப் பிடிக்க, நகவெட்டியால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். அதுவரை உர்ரென்று உறுமியது, கடைசி இழை அறுந்ததும் ஓடாமல் அப்படியே கிடந்தது. மதியம் போனால் இடம் காலி. பிழைத்ததா, கீரி தூக்கியதா?

மலையடிவாரம்:
இதற்குத்தான் சேலை கட்டச் சொல்வது. எங்கள் பக்கம் காட்டுப்பன்றிக்குப் பழைய சேலைதான் வேலி, ஆள் நிற்பதாக நினைத்து ஒதுங்கும். ஒருநாள் ராத்திரி காவலில் டார்ச் அடித்தேன், சிவப்புச் சேலைக்கு அடியில் பன்றியின் மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

கடலைக்காடு:
சேலைக்குப் பன்றியே பயப்படவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். மயிலா பயப்படும்?

மொட்டைமாடி:
என் பீர்க்கைப் பந்தல் வலையில் ஓணான் சிக்கிக் காய்ந்தே போனது. அது கிடக்கட்டும். தரையிலிருந்து இரண்டடிக்கு நிழல்வலை கட்டுங்கள், கண்ணி பொடிசு, பாம்புத் தலை நுழையாது. மேலே மட்டும் மீன்வலை. நிழல்வலையில் 50 சதவீதம் வெயிலை மறைக்கும் ரகம் போதும். 75 சதவீதத்தைத் தக்காளிக்கு மேலே போட்டால் செடி வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று வளரும், காய் பிடிக்காது. வெயிலில் பொடியாகாத ரகமா என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் மல்ச்சிங் ஷீட் (மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) விரித்தால் வெள்ளி நிறம் மேலே, கறுப்பு கீழே. வெள்ளிப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் அசுவினி, வெள்ளை ஈ குறையும். கறுப்புப் பக்கம் களையை முளைக்க விடாது. ஓரத்தில் மண் அணைக்காவிட்டால் காற்று தூக்கிவிடும்.

கடலைக்காடு:
மல்ச்சிங் ஷீட்டை யாருங்க கேட்டது? ஆனால் அடியில் நிழல்வலை என்பது சரிதான். ஆடிக் காற்றுக்கு அது பாய்மரம் மாதிரி உப்புமே, மூங்கில் குச்சி தாங்குமா? கல்தூண் நட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?