சலிப்பதா, அரிப்பதா, கொழிப்பதா? அகழாய்வுக் கையேட்டுக்குச் சொல் தேடி

அன்பர்களுக்கு வணக்கம்.

அகழாய்வுக் களப்பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மாணவர்களும் குழியில் வேலை செய்யும் தொழிலாளர்களும் படிக்கப்போகிறார்கள். வெட்டியெடுத்த மண்ணைக் கொட்டுவதற்கு முன் கம்பிவலையில் இட்டுத் தேடும் வேலைக்குப் பெயர் வேண்டும். அதில் மூன்று வகை உண்டு. உலர்ந்த மண்ணைச் சல்லடையில் ஆட்டுவது ஒன்று. களிமண்ணாக இருந்தால் வலையில் இட்டுத் தண்ணீர் விட்டுக் கரைப்பது இன்னொன்று. மண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, மிதந்து வரும் கரிந்த விதைகளை நுண்வலையில் பிடிப்பது மூன்றாவது. 'மண்சலிப்பு' என்று எழுதினால் படிப்பவருக்கு மன அலுப்புத்தான் முதலில் தோன்றும். கூடவே, திருட்டுத்தனமாகத் தோண்டிப் பழம்பொருள் தேடுகிறவர்களுக்கும் ஒரு சொல் தேவை.

— செ.கு.

*

தம்பி, சலித்தல் வேண்டவே வேண்டாம். அது 'சல' என்னும் வடசொல்லின் வழி வந்தது. சல்லடைக்கு வடமொழியில் 'சாலனீ' என்று பெயர் இருப்பதே சான்று. நமக்கு அரித்தல் இருக்கிறது. 'அரியே ஐம்மை' என்கிறார் தொல்காப்பியர்; ஐம்மை என்றால் நுண்மை. நுண்ணியதைப் பிரிப்பது அரித்தல். அப்படிப் பிரிந்தது அரிசி. மலையாளத்தார் இன்றும் சல்லடையை 'அரிப்ப' என்கிறார்கள். பொற்கொல்லர் தெரு மண்ணை அரித்துப் பொன்துகள் எடுத்தவர்களுக்கு அரிப்புக்காரர் என்றுதானே பெயர்? 'மண்ணரிப்பு' என்று எழுதுங்கள். புதுச்சேரி அருகே அகழாய்வு நடந்த அரிக்கமேட்டின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

— புலவர் இரா.

*

புலவர் ஐயா சொன்ன அரிக்கமேடு என் வாதத்துக்கே சான்று. ஆறு அரித்த மேடு என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். அருகன்மேடு என்பதன் திரிபு என்பாரும் உண்டு. அந்த வழக்குக்குள் இப்போது போக வேண்டாம். ஆறு அரிப்பதற்குத்தான் பள்ளிப் பாடநூல் தொடங்கி எல்லாரும் 'மண்ணரிப்பு' என்கிறோம். இதே கையேட்டில் மழையும் ஆறும் மேடுகளைக் கரைப்பது பற்றி ஓர் இயல் வரும். 'மண்ணரிப்பில் கிடைத்த மணி' என்று எழுதினால், வெள்ளம் வெளிக்கொணர்ந்ததா, ஆள் தேடி எடுத்ததா?

இந்த வேறுபாடு சிறியதன்று. களத்தில் ஒவ்வொரு மண்ணடுக்கின் மண்ணையும் தனித்தனியாகச் சலிக்கிறோம். குழி எண்ணும் ஆழமும் எழுதிய சீட்டு கூடையோடு வரும். சல்லடையில் தங்கிய பொருளோடு அதே சீட்டு பைக்குள் போகும். சீட்டுத் தவறினால் மணி மட்டும் மிஞ்சும், அதன் காலம் போய்விடும். அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகளில் பல ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறியவை. மண்ணோடு மண்ணாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. சல்லடையை நாலு ஆட்டு ஆட்டி, கட்டிகளை உள்ளங்கையால் தேய்த்து உடைத்த பிறகுதான் செம்மணி ஒன்று கம்பிமேல் உருண்டு வரும். சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் அதுவும் குப்பைமேட்டுக்குப் போய்விடும். அந்த வேலையைச் செய்கிறவர்கள் 'சலிக்கிறோம்' என்கிறார்கள். அவர்களுக்கு நாம் புதுப்பெயர் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

— மு.நா.

*

சல்லடை வடசொல் என்பதை ஏற்க முடியவில்லை. தெலுங்கில் 'ஜல்லெட', கன்னடத்தில் 'ஜரடி'. சல்லடை, சல்லாத்துணி, சல்லிக்கல் எல்லாவற்றிலும் துளையும் சிதறலும்தான் பொருள். 'சல்' என்ற அடியைத் தனியாக ஆராய வேண்டும். விரிவாக எழுதி அனுப்புகிறேன்.

— த.வ.

*

வணக்கம். ஈழத்தில் நாங்கள் மாவை அரிதட்டில் அரிப்போம், ஆகவே புலவர் ஐயாவின் சொல் எனக்கு அந்நியமில்லை. ஆனால் மு.நா. அண்ணா சொல்லும் குழப்பமும் உண்மையானது. இலக்கணமும் இதில் கைகொடுக்காது: ஆறு மண்ணை அரித்தாலும் ஆள் மண்ணை அரித்தாலும் இரண்டாம் வேற்றுமைத் தொகைதான்.

'அரித்தெடுத்தல்' என்றால் என்ன? ஆறு அரிக்கும், தேடி எடுக்காது. மேலும் தமிழ்நாட்டார் மாவைச் சலிக்கிறார்கள், அரிசியைத் தண்ணீரில் அரித்துக் கல் நீக்குகிறார்கள். உலர்ந்ததற்கு ஒரு வினை, நீரில் செய்வதற்கு இன்னொரு வினை என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அடைமொழி சேர்த்து 'உலர்சலிப்பு', 'ஈரச்சலிப்பு' என்று ஏன் கட்ட வேண்டும்?

— சி.

*

அம்மா சொல்வது நன்று. ஆனாலும் சலித்தலுக்கு இடம் கொடுக்க மனம் வரவில்லை. கொழித்தலை எல்லாரும் மறந்துவிட்டீர்களே! முறத்தில் இட்டு நொய்யையும் மணியையும் பிரிப்பது கொழித்தல். ஆறு பொன்கொழித்து, முத்துக் கொழித்து வருவதை எத்தனை புலவர்கள் பாடியிருக்கிறார்கள்! மண்ணை ஒதுக்கி மணியைத் தருவது என்ற பொருள் இதைவிட எந்தச் சொல்லில் இருக்கிறது? செல்வம் கொழிக்கிறது என்பதும் இதன் நீட்சியே. 'மண்கொழிப்பு' என்று வையுங்கள்.

— புலவர் இரா.

*

ஐயா, இன்று 'கொழிப்பு' என்றால் செழிப்பு என்றுதான் தொழிலாளி படிப்பார். 'மண்கொழிப்பு' உரத்தின் பெயர்போல ஒலிக்கிறது.

திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்களுக்குக் கேட்ட அந்த இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். 'புதையல் வேட்டைக்காரர்' என்பதைத் தயவுசெய்து தவிருங்கள். வேட்டை என்றதும் வீரம் ஒட்டிக்கொள்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இவர்கள் அறிவிப்பதில்லை, அதைவிடக் கேடு, பொன் இல்லாததையெல்லாம் எறிந்துவிடுகிறார்கள். பழனி அருகே பொருந்தல் அகழாய்வில் ஒரு சாடியில் இருந்த நெல்லைக் கொண்டுதான் கி.மு. 490 என்ற காலக்கணிப்புக் கிடைத்தது. அவர்கள் கையில் அந்தச் சாடி அகப்பட்டிருந்தால் நெல்லைக் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். 'புதைபொருள் திருடர்' என்றே எழுதலாம்.

— மு.நா.

*

திருடர் என்பது தீர்ப்பு, கலைச்சொல் ஆகாது. தன் நிலத்தில் கிணறு வெட்டும்போது எதையோ கண்டு ஆசையில் மேலும் தோண்டியவரையும் அதே சொல்லால் அடிப்பதா? 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்' என்ற குறளின் 'அகழ்வார்' இருக்கிறதே!

— த.வ.

*

அகழாய்வாளருக்கும் அவர்களுக்கும் ஒரே வினையா? ஒருக்காலும் கூடாது.

— மு.நா.

*

அனைவருக்கும் நன்றி. காலம் இல்லை. உலர்மண்ணுக்குச் சலித்தல், நீரில் செய்வதற்கு அரித்தெடுத்தல், மூன்றாவதற்கு மிதக்கவிட்டு எடுத்தல் என்று அனுப்புகிறேன். பெயர்ச்சொல்லாகச் 'சலிப்பு' எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். மற்றவர்களுக்கு இப்போதைக்கு 'சட்டவிரோதமாகத் தோண்டுவோர்' என்று நீட்டி எழுதியிருக்கிறேன்; நல்ல சொல் கிடைத்தால் அடுத்த பதிப்பில் மாற்றலாம்.

— செ.கு.

*

உங்கள் முடிவு, தம்பி. அரித்தெடுத்தலை வரவேற்கிறேன், சலித்தலை ஏற்கவில்லை. த.வ. அவர்கள் 'சல்' என்ற அடியைத் தமிழ் என்று நிறுவும்வரை என் மறுப்பு இருக்கட்டும். அடுத்த பதிப்பின் சொல்லடைவிலாவது கொழித்தலை மாற்றுச்சொல்லாகச் சேருங்கள்.

— புலவர் இரா.